வெட்டுப்பட்ட வரி

சார், ஒரு பேனா இருக்குமா? ஒரேயொரு கையெழுத்துப் போட்டுட்டு உடனே தந்திருதேன். எனக்க பேனா திருநெல்வேலி பஸ் ஸ்டாண்டுலயே நின்னுட்டு. சவத்துப் பேனா, கடுதாசி முழுசும் எழுதிச்சு. கீழ பேரு எழுதப் போறேன், மை வரல. உதறிப் பாத்தேன், ஊதிப் பாத்தேன், ஊஹூம்.

ரொம்ப உபகாரம். நீங்க எங்க, வள்ளியூரா? அப்போ நேரம் கெடக்கு. நான் நாகர்கோவில் போய், அங்கேருந்து இன்னொரு பஸ் பிடிக்கணும். வெள்ளமணல்துறை. கேள்விப்பட்டிருப்பியளே? ஒம்பது வருசத்துக்கு முந்தி, கால்பந்து மேட்ச்ல கேலரி சரிஞ்சு பதினோரு பேரு செத்தாவ. ஆங், அந்த ஊருதான். "குடிகாரப் பயலுவ ஆடிச் சரிச்சது"ன்னுதானே நீங்களும் படிச்சிருக்கிய? எல்லாரும் அப்படித்தான் படிச்சாவ.

அதை எழுதினது நான்தான்.

பயந்துராதீங்க. நான் பெரிய ஆளு ஒண்ணும் கெடையாது. பகுதிநேர நிருபர். கடைத்தெருவுல சின்ன ஜெராக்ஸ் கடை, போர்டுல கீழ ஒரு ஓரத்துல "செய்திகள், விளம்பரங்கள் ஏற்கப்படும்". மாடு கெணத்துல விழுந்தா நான்தான், கோயில் கொடியேத்துனா நான்தான், கண்ணீர் அஞ்சலி விளம்பரமும் நான்தான். தாணுலிங்கம்னா எங்க ஏரியாவுல சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இருபத்தாறு வருசம் எழுதினேன். ஒரு வழக்கு கெடையாது, ஒரு மறுப்புச் செய்தி கெடையாது. அவ்வளவு கவனமா எழுதுவேன்.

இந்தக் கடுதாசியும் கவனமாத்தான் எழுதியிருக்கேன். கையெழுத்து மட்டும்தான் பாக்கி. நாளைக்கு மத்தியானம் பன்னெண்டு மணிக்குள்ள மதுரை ஆபீசுக்குப் போயிரணும். நேர்ல கூட வேண்டாம், போன்ல படம் பிடிச்சு அனுப்பினாப் போதும்னு அங்க கவுண்டர்ல இருந்த பிள்ளை சொல்லிச்சு. அது கெடைச்சா ஞாயித்துக்கிழமை விளம்பரத்துல ஒரு வரி சேரும். கெடைக்கலைன்னா அந்த வரி இல்லாம வரும். அவ்வளவுதான் விசயம்.

எந்த வரின்னு சொல்லணும்லா? முதல்லேருந்து சொல்லுதேன்.

எங்க கடற்கரைல ஊர்த் திருவிழான்னா ஃபுட்பால் இல்லாம நடக்காது. செவன்ஸ், ஒரு பக்கத்துக்கு ஏழு பேரு. கிரிக்கெட்டெல்லாம் ரோட்டுக்கு மேக்கதான், கடலப் பாத்து வந்துட்டா பந்துதான். கிரவுண்டச் சுத்தி மதிலு. தென்னந்தடி ஊணி, மேல பலகை அடிச்சு கேலரி கட்டுவாவ. அந்த வருசம் ஃபைனலுக்கு ஒரு பெரிய அதிகாரி சிறப்பு விருந்தினர். பேரு வேண்டாம். அவருக்க காரு மேக்கு கேட்டு வழியா உள்ள வந்து நின்னுது. ஆளுங்க காரச் சுத்தி நிக்கக்கூடாதுன்னு இன்ஸ்பெக்டர் அந்தக் கேட்ட அடைச்சுச் சங்கிலி போட்டுப் பூட்டச் சொன்னாரு. நாலாயிரம் பேரு உள்ள. வெளிய போக கெழக்க ஒரு சின்ன வழி, அதுவும் டிக்கெட் கவுண்டர் முன்னால.

சாயங்காலம் அஞ்சரை இருக்கும். நல்ல வெளிச்சம். ரெண்டாவது கோல் விழுந்துது, எல்லாரும் எந்திரிச்சாவ. எந்த ஊரு ஃபைனல்லதான் கோல் விழுந்தா எந்திரிக்கமாட்டாவ? தடி சரிஞ்சுது. விழுந்ததுல ஒருத்தரும் சாகல சார், அதைக் கவனிக்கணும். கை முறிஞ்சுது, கால் முறிஞ்சுது. சாவு கேட்டுலதான். அடுத்த கேலரியும் விழும்னு யாரோ கத்த, மொத்தக் கூட்டமும் மேக்கு கேட்டுக்கு ஓடிச்சு. பூட்டு. சாவி வச்சிருந்த போலீஸ்காரரு எங்கன்னா, அந்த அதிகாரிய மேடைக்குப் பின்னால உள்ள தனி வழியாக் கூட்டிட்டுப் போனாவ, அவரு கூடவே போயிட்டாரு.

பதினோரு பேரு. அதுல ஒண்ணு எட்டு வயசுப் பிள்ளை.

ராத்திரி எட்டு மணிக்கு இன்ஸ்பெக்டர் போன். "அண்ணாச்சி, கேட்டு தொறந்துதான் இருந்துது, பாத்துக்கிடுங்க. பயலுவ தண்ணியப் போட்டுட்டு கேலரில ஆடினானுவ. அதுல ஒருத்தன் கேட்டு மேல ஏறி ஆட்டினதுல கேட்டு மாட்டிக்கிட்டு. நேர்ல பாத்தவங்க சொன்னதா எழுதிருங்க."

நீங்க கேப்பிய, அவரு சொன்னா எழுதிருவியான்னு. எங்க பொழப்பு உங்களுக்குத் தெரியாது சார். எனக்குத் தெனமும் செய்தி எங்கேருந்து வருது? ஸ்டேசன்லேருந்து. விபத்து, திருட்டு, தூக்கு, எல்லாம் அங்க உள்ள ரைட்டர் ஏட்டு சொல்லி நான் எழுதுதது. அந்தக் கதவு அடைச்சுதுன்னா நான் வெறும் ஜெராக்ஸ் கடைக்காரன். அதுபோக அந்த இன்ஸ்பெக்டர் மோசமான மனுசன் இல்ல. எனக்க மவளுக்கு பாஸ்போர்ட்டுக்கு விசாரணை வந்தப்போ வீட்டுக்கே வந்து ஒரு காப்பி குடிச்சுட்டு முடிச்சுக் குடுத்தாரு.

எழுதினேன். "மதுபோதையில் இருந்த வாலிபர்கள் கேலரியில் ஆட்டம் போட்டதாகவும், ஷிபின் (22) என்பவர் கேட்டின் மீது ஏறி ரகளை செய்ததாகவும் நேரில் பார்த்தவர்கள் தெரிவித்தனர்." நல்லாக் கவனிங்க, நான் சொன்னேன்னு இல்ல. நேரில் பார்த்தவர்கள்.

இதுல இன்னொரு வழக்கம் இருக்கு, வெளியாளுக்குத் தெரியாது. எங்க தாலுகாவுல அஞ்சு பேப்பருக்கு அஞ்சு நிருபர். அஞ்சு பேரும் எல்லா எடத்துக்கும் ஓட முடியுமா? முறை வச்சுக்கிடுவோம். ஒருத்தன் போவான், எழுதுவான், மத்த நாலு பேருக்கும் மெயில்ல தட்டி விடுவான். அவனவன் முதல் வரிய மட்டும் மாத்தி அவனவன் ஆபீசுக்கு அனுப்புவான். அன்னைக்கு எனக்க முறை.

மறுநாள் காலைல டீக்கடைல அஞ்சு பேப்பரும் கெடக்கு. அஞ்சுலயும் அதே செய்தி. ஒண்ணுல "குடிமகன்கள் கும்மாளம்", ஒண்ணுல "போதையின் கோரத் தாண்டவம்". நான் ராத்திரி முழுக்கத் தூங்கல, பாத்துக்கிடுங்க, மனசுல ஒரே வெப்ராளம். அந்த அஞ்சையும் வாசிச்ச பெறவுதான் ஒரு நிம்மதி வந்துது. அஞ்சு பேப்பரும் ஒண்ணுபோலச் சொல்லுதுன்னா அப்போ அதுல ஏதோ உண்மை இருக்கும்லான்னு நெனச்சேன். சிரிக்காதீங்க. நெசமாவே அப்படித்தான் நெனச்சேன். டீயும் நல்லா இருந்துது.

பெறவு விசாரணை வந்துது. எட்டு மாசம் நடந்துது. பூட்டு இருந்துதுன்னு ஊர்க்காரங்க நூறு பேரு சொன்னாவ. அறிக்கைல என்ன போட்டாவ தெரியுமா? "பாதிக்கப்பட்டோரின் உறவினர் கூற்று ஒருதலைப்பட்சமானது. ஆனால் ஐந்து நாளிதழ்களும் ஒரே விதமாகச் செய்தி வெளியிட்டுள்ளன." முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கதுன்னு சொல்லுவாவ. சோறு நான்தான் ஆக்கிப் போட்டேன்.

செத்தவங்க உடம்புலேருந்து ரத்தம் எடுத்து, சாராயம் இருக்கான்னு பாக்க அனுப்பினாவ. அந்த எட்டு வயசுப் பிள்ளைக்கும் எடுத்தாவ. அந்தப் பரிசோதனை முடிவு அறிக்கைல வரவே இல்ல. அது எனக்கு அப்பமே தெரியும். ஆனா நான் அதை எழுதல. எங்கிட்ட யாரும் கேக்கலயே?

ஆங், அந்த வரி. சொல்லுதேன்.

ஷிபினுக்க அப்பா பேரு தஸ்நேவிஸ். வள்ளத்துல மீன்பிடிக்கப் போறவரு, கட்டையான மனுசன், அதிகம் பேசமாட்டாரு. முதலாமாண்டு நினைவு வந்தப்போ எனக்க கடைக்கு வந்தாரு. நினைவஞ்சலி போடணும்னாரு. "அண்ணே, வேற பேப்பர்ல போடுங்களேன்"னேன். "இல்ல சார், எந்தப் பேப்பர்ல எனக்க பயல அப்படி எழுதினாவளோ அதுலதான் போடணும்." எழுதினது யாருன்னு அவருக்குத் தெரியாது. செய்தில பேரு போடமாட்டாவ, "நமது நிருபர்"தான். மதுரைலேருந்து யாரோ வந்து எழுதினதாத்தான் அவரு நெனச்சிருந்தாரு.

ஒரு நோட்டுத் தாள்ல அவரே எழுதிக் கொண்டாந்திருந்தாரு. படம், பேரு, பிறப்பு, இறப்பு, உங்கள் நினைவால் வாடும் அப்பா அம்மா தங்கை. கடைசில ஒரு வரி. "எங்கள் மகன் குடித்திருக்கவில்லை."

அந்த ஒரு வரி சார்.

நான் வாங்கி, ஆபீஸ் ஃபார்ம்ல அழகா எடுத்து எழுதினேன். அந்த வரிய மட்டும் விட்டுட்டேன். பேப்பர் வந்ததும் வந்தாரு. "வரியக் காணலியே?" "ஆபீஸ்ல ஒத்துக்கல அண்ணே. சட்டச் சிக்கல்னு வெட்டிட்டாவ." பேப்பர நாலா மடிச்சு மடியில சொருகினாரு. "செரி. அடுத்த வருசம் கேட்டுப் பாருங்க."

அடுத்த வருசம் வந்தாரு. அதே தாளு, அதே வரி. அதுக்கு அடுத்த வருசமும். எட்டு வருசம். எட்டுத் தடவையும் ஆபீஸ் வெட்டிட்டுன்னு சொன்னேன். ஆபீசுக்கு அந்த வரி போனதே இல்ல சார். மதுரைல ஒரு ஆளு கூட அதக் கண்ணால பாத்தது கெடையாது. எனக்க மேசைலயே, அவரு டீ குடிச்சுட்டு இருக்கும்போதே நான்தான் விட்டேன்.

ஆனா ஒண்ணு சொல்லணும், அந்த விளம்பரத்துக்கு உள்ள கமிசன நான் ஒரு வருசமும் எடுத்ததில்ல. பாவப்பட்ட மனுசன்லா. டீயும் நான்தான் வாங்கிக் குடுப்பேன். ஒரு கிறிஸ்மசுக்கு அவரு ஒரு நெய்மீன் கொண்டாந்து தந்தாரு, "நீங்க எனக்காக ஆபீஸ்ல சண்டை பிடிக்கிறியளே சார்"ன்னு. வாங்கமாட்டேன்னா சங்கடப்படுவாருன்னு வாங்கினேன். வீட்டுக்காரி கொழம்பு வச்சா. நான் அன்னைக்குத் தயிரு விட்டுச் சாப்பிட்டேன்.

இந்த வருசம் போன திங்கக்கிழமை வந்தாரு. தாளக் குடுத்தாரு. வழக்கம்போல எடுத்து எழுத ஆரம்பிச்சேன். கடைசி வரிக்கு வந்தா, இல்ல. திருப்பிப் பாத்தேன், பின்னாலயும் இல்ல.

"அண்ணே, அந்த வரி எழுதலியே?"

"வேண்டாம் சார்."

"ஏன், இந்தத் தடவை நான் கேட்டுப் பாக்கலாம்லா?"

அவரு டீ கிளாசக் கீழ வச்சாரு. "அஞ்சு பேப்பரும் பொய்யா எழுதும்? கவர்மெண்டுல எட்டு மாசம் இருந்து விசாரிச்சாவ. நானும் அன்னைக்கு கடல்ல கெடந்தேன், கண்ணால காணல. ஒருவேள பயலு குடிச்சுத்தான் இருந்தானோ என்னவோ. கூட்டாளி யாராவது ஊத்திக் குடுத்திருப்பான். அவனுக்க அம்மைட்ட சொல்லல, சொன்னா செத்துருவா. படம் மட்டும் போடுங்க சார், போதும்."

படம் மட்டும் போதும்னுட்டாரு சார். ஒம்பது வருசமா அந்த மனுசன் ஒத்தையாப் பிடிச்சுட்டு நின்னாரு. கடைசில அவருக்க கையையும் நான்தான் விடவச்சேன். ஊரு நம்பிச்சு, கவர்மெண்டு நம்பிச்சு, அதெல்லாம் போட்டும். பெத்தவனே நம்பிட்டான்.

தண்ணி இருக்கா சார்? வேண்டாம், இருக்கட்டும்.

உங்ககிட்ட ஒரு விசயம் சொல்லல. நேரில் பார்த்தவர்கள்னு எழுதினேன்லா. நேர்ல பாத்தது நான்தான்.

நாங்கல்லாம் மேட்ச் பாக்கப் போறதில்ல, பரிசு குடுக்க நேரத்துக்குப் போய் போட்டோ எடுத்துட்டு வந்திருவோம். அன்னைக்கு நான் போனப்போ மேக்கு கேட்டு பூட்டியிருந்துது. சுத்திப் போகச் சோம்பல்பட்டு வெளியவே நின்னேன். அப்பதான் கூட்டம் வந்து கேட்டுல மோதிச்சு. கம்பிக்கு அந்தப் பக்கம் மூஞ்சி மூஞ்சியா. ஒரு பயலு மட்டும் கேட்டு மேல ஏறி, ஒரு காலு அந்தப் பக்கம் ஒரு காலு இந்தப் பக்கம் போட்டுட்டு, உள்ளேருந்து பிள்ளைகளத் தூக்கித் தூக்கி வெளிய எறக்கினான். ஒரு பொம்பளப் பிள்ளைய எனக்க கைல தந்தான். தரும்போது குனிஞ்சான், மூஞ்சிக்கு மூஞ்சி ஒரு சாண்தான். "அண்ணே, பூட்டு! சாவி யாருட்ட?"ன்னான்.

வாசம் இல்ல சார். ஒரு சொட்டு இல்ல. குடிச்சவன் வாசம் எனக்குத் தெரியாதா? எங்கப்பன் குடிச்சே செத்தவன்.

நான் பிள்ளைய எறக்கி விட்டுட்டு ஒரு போட்டோ எடுத்தேன். எடுத்திருக்கக்கூடாதுதான். கை தானாப் போயிட்டு. அவன் வெளிய குதிச்சிருக்கலாம், எனக்க பக்கத்துலதான் குதிக்கணும், ஒரே குதிதான். திரும்ப உள்ள எறங்கினான். இன்னும் பிள்ளைக கெடந்துதுல்லா. எறங்கி, கேட்டப் பிடிச்சு ஆட்டினான், சங்கிலி தெறிக்குமான்னு. ஆட்டினான், ஆட்டினான். பெறவு காணல.

அந்தப் படம்தான் முதல் பக்கத்துல வந்துது. கேட்டு மேல கெடக்குத பயலு, கீழ "போதையில் ரகளை". முழுப் படத்துல கீழ சங்கிலியும் பூட்டும் தெளிவாத் தெரியும். இன்ஸ்பெக்டர் போன்ல கடைசியாக் கேட்டாரு, "படத்துல பூட்டு விழுந்திருக்கா அண்ணாச்சி?" நான் இல்லன்னேன். சொன்ன பெறவு இல்லாம ஆக்கணும்லா. அனுப்பறதுக்கு முந்தி கீழ வெட்டிட்டேன்.

அதான் சார், இன்னைக்குக் காலைல மதுரைக்கே போனேன். தஸ்நேவிஸ் எழுதாத வரிய எனக்க கையால ஃபார்ம்ல எழுதிட்டுப் போனேன். கவுண்டர்ல ஒரு சின்னப் பிள்ளை, புதுசா வந்தவ. வாசிச்சா. உள்ள போய் கேட்டுட்டு வந்தா. "சார், தாராளமாப் போடலாம். ஆனா நம்ம பேப்பர்லயே வேற மாதிரி வந்திருக்காம். அன்னைக்குச் செய்தி குடுத்த நிருபர், அது தப்புன்னு ஒரு லெட்டர் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாப் போதும். பழைய படம் ஏதாவது இருந்தாலும் அனுப்பச் சொல்லுங்க. அந்த நிருபர் இப்போ இருக்காரா சார்? உங்களுக்குத் தெரியுமா?"

இவ்வளவு லேசுன்னு எனக்குத் தெரியாது சார். ஒம்பது வருசம்! அந்தப் பிள்ளை எனக்க மூஞ்சியப் பாத்துட்டே நிக்கா.

"விசாரிச்சுச் சொல்லுதேன்மா"ன்னேன்.

பொய் வாயில தானா வந்துட்டு. எறங்கி வந்து பஸ் ஏறிட்டேன். விருதுநகர் வரைக்கும் ஒண்ணும் தோணல. கோவில்பட்டில டீ குடிச்சேன். திருநெல்வேலில பஸ் கால் மணி நேரம் நின்னுது, அங்க ஒரு தாளு வாங்கி மடியில வச்சு எழுதினேன். ஒரே மூச்சுல வந்துட்டு. பூட்டு இருந்துது, பயலு குடிக்கல, நான் பாத்தேன், நான்தான் எழுதினேன். நாலு வரிதான். வாசிச்சுப் பாருங்க. எழுத்து நல்லாருக்குல்லா? படமும் வீட்டுக் கம்ப்யூட்டர்ல பத்திரமாக் கெடக்கு, முழுசு. நான் எதையும் அழிக்கிறவன் இல்ல.

இனி கையெழுத்துதான். இன்ஸ்பெக்டர் இப்போ ரிட்டயர்ட் ஆயாச்சு, அவரு ஒண்ணும் செய்ய முடியாது. எனக்க மவ வெளிநாட்டுல இருக்கா, அவளுக்கும் பயமில்ல. தஸ்நேவிஸ்தான். ஞாயித்துக்கிழமை வரி வந்துதுன்னா சந்தோசமா ஓடி வருவாரு, "எப்படி சார் ஒத்துக்கிட்டாவ?"ன்னு கேப்பாரு. அப்போ சொல்லணும்லா? அந்த நெய்மீன் திங்காத கதையும் சேத்துச் சொல்லணும். அவரு அடிச்சாக் கூட வாங்கிக்கிடுவேன். அவரு அடிக்கமாட்டாரு சார், அதான். சும்மா பாப்பாரு.

வள்ளியூர் வந்துட்டா? அதுக்குள்ளயா? பேசிட்டே வந்ததுல... இந்தாங்க சார், பேனா. இல்ல, இன்னும் போடல. பஸ் என்னா குலுக்கு குலுக்குது, இதுல போட்டா கையெழுத்து கோணிப் போயிரும். பெறவு ஆபீஸ்ல செல்லாதும்பாவ. வீட்டுல போய் மேசைல வச்சு நிதானமாப் போட்டுக்கிடுதேன். பேனா வீட்டுல எத்தனையோ கெடக்கு. பன்னெண்டு மணி வரைக்கும் நேரம் இருக்குல்லா. இந்தாங்க, பிடிங்க.

என்னது, வேண்டாமா? ஏன் சார்? நல்ல பேனாவால்லா இருக்கு. பஸ் இப்போ நின்னுதான் கெடக்குன்னா சொல்லுதிய? அது செரிதான், நிக்கத்தான் செய்யுது...

சார். சார்! எறங்கிட்டாரே. கண்டக்டரே, விசில் அடிச்சிராதீங்க, கொஞ்சம் நிறுத்துங்க. அந்தா போறாருல்லா, வெள்ளச் சட்டை, அவருக்க பேனா எங்கிட்ட இருக்கு.